ரீகால் வந்த வேர்க்கடலை: விற்றுப்போன பாக்கெட்டுக்கு நானா பொறுப்பு?

கேள்வி:
விருதுநகர் பக்கம் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். நேற்று ஏஜென்சிப் பையன் போன் செய்து, வேர்க்கடலை ஒரு பேட்சில் பூஞ்சை நச்சு இருக்கிறதாம், விற்க வேண்டாம், கம்பெனி ரீகால் செய்து சரக்கைத் திரும்ப எடுக்கிறது என்றான். எழுத்தில் எதுவும் தரவில்லை. பாதிப் பெட்டி விற்றாயிற்று. ஒரு பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தேன், பூசணமும் இல்லை, காறல் வாசனையும் இல்லை. அதிகாரி வந்தால் என்னைத்தானே பிடிப்பார்?

பதில் 1:
இதற்கெல்லாம் பயந்தால் கடை நடத்த முடியாது. வறுத்து உப்புக் கடலையாகத் தள்ளிவிடுங்கள்.

பதில் 2:
அண்ணாச்சி, மேலே சொன்னதைக் கேட்காதீர்கள். எண்ணெய் ஆலை லேபில் கடலையோடு காலம் தள்ளியவன் சொல்கிறேன். கடலையில் வரும் அந்தப் பூஞ்சை நச்சு, அஃப்ளாடாக்சின், கண்ணுக்கும் மூக்குக்கும் பிடிபடாது, வறுத்தாலும் முழுசாகப் போகாது. ஒரு பாக்கெட் நன்றாக இருந்தது என்பதும் செல்லாது. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் 26ஆம் பிரிவுப்படி, பேட்சில் ஒரு பகுதி பாதுகாப்பற்றது என்றால், வேறுவிதமாக நிரூபிக்கும்வரை மொத்த பேட்சும் அப்படித்தான்.

உங்கள் பொறுப்பு 27ஆம் பிரிவில் வருகிறது. காலாவதிச் சரக்கு, அசுத்தம், தவறான லேபிள், பாதுகாப்பற்றது என்று தெரிந்தே வாங்கியது, யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாதது: இவை விற்பவர் தலையில் விழும். நம் ஆட்கள் மாட்டுவது பெரும்பாலும் கடைசியாகச் சொன்னதில்தான், துண்டுச் சீட்டில் 'கடலை 1 பெட்டி' என்று எழுதி வாங்கிவிட்டு! முறையான பில்லைச் சட்டமே உத்தரவாதமாக எடுத்துக்கொள்கிறது. தெரியாமல் விற்றதற்கு அது துணை நிற்கும். போன் வந்த பிறகு ஒரு பாக்கெட் விற்றாலும் கதை வேறு.

ரீகால் நடத்துவதும் உணவுப் பாதுகாப்புத் துறைக்குச் சொல்வதும் கம்பெனியின் வேலை. நீங்கள் மீதியைத் தனியாகக் கட்டி, 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதி வையுங்கள். வந்தது எத்தனை, இருப்பு எத்தனை என்று ஏஜென்சிக்கு வாட்ஸ்அப் செய்து, எழுத்தில் பதில் கேளுங்கள். அப்புறம், கடன் நோட்டில் பெயர் இருக்கும் வீடுகளுக்கு ஒரு போன். மற்றவர்களுக்குக் கல்லாப் பக்கம் ஒரு அறிவிப்பு.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார். பில் இருக்கிறது, ஆனால் அதில் பேட்ச் எண் இல்லை. பெட்டி அட்டையையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன்.

பதில் 2:
பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும். போட்டோ எடுத்து பில்லோடு வையுங்கள். சரக்கை எடுக்க வரும்போது, எத்தனை பாக்கெட், எந்த பேட்ச் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். திருப்பிக் கொடுத்த சரக்கின் பணத்தை வரவு வைக்கும் கிரெடிட் நோட்டையும் அப்போதே கேட்டுவிடுங்கள், 'அடுத்த மாசம்' என்பார்கள்.