மார்மன் விருந்தினர்களுக்கு கேக்: காபித் தூள் சேர்க்கலாமா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலம், ப்ரோவோ. வரும் சனிக்கிழமை இரவு 12 பேருக்கு விருந்து, அதில் 7 பேர் மார்மன்கள் (காபி குடிக்காத ஒரு கிறிஸ்தவ சபையினர்). மாதத்தின் முதல் ஞாயிறு அவர்களுக்கு உபவாசம் என்பதால் அதைத் தவிர்த்துத்தான் நாள் வைத்தோம். சிக்கல் சாக்லேட் கேக்கில். 13×9 அங்குலத் தட்டுக்கு 1 டீஸ்பூன் இன்ஸ்டன்ட் காபித் தூள் போடுவது வழக்கம். காபி வாசனை தெரியாது, கோகோவின் கசப்பைத் தூக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

பார்த்தவரை: 1833-ல் வந்த அவர்களின் உணவு விதியான 'ஞான வார்த்தை'யில் மது, புகையிலை, 'சூடான பானங்கள்' கூடாது. சூடு என்பதல்ல விஷயம், காபியும் தேயிலையும்தான். ஐஸ் காபியும் ஆகாது, மூலிகை டீ பரவாயில்லை. காஃபீன் பற்றிய விதியும் இல்லை, கோலா குடிப்பார்கள். 2019-ல் சபை இதழ் கிரீன் டீயையும் மோக்கா, லாட்டே போன்ற காபி வகைகளையும் தவிர்க்கச் சொன்னது. எல்லாம் பானங்கள். கேக் பற்றி ஒரு வரி கிடைக்கவில்லை.

மூன்று பேரிடம் கேட்டாயிற்று. ஒருவர் 'குடிப்பதுதான் தப்பு' என்கிறார், மற்ற இருவர் தொடவே மாட்டார்களாம். காபிக்குப் பதிலாக 1 டேபிள்ஸ்பூன் வறுத்த பார்லி-சிக்கரித் தூள் போட்டுப் பார்த்தோம். நிறம் வந்தது, கசப்பு எழும்பவில்லை, கேக்கும் கொஞ்சம் வறண்டுபோனது. காபி போட்டுவிட்டுச் சொல்லாமல் பரிமாறும் பேச்சே இல்லை.

காபி இல்லாமல் அதே கசப்பு வர, இந்தத் தட்டு அளவுக்கு எதை, எவ்வளவு சேர்க்க வேண்டும்?