பிரம்பு திரும்ப வேண்டுமா?

பணி ஓய்வு வாத்தியார்:
நேற்று டீக்கடையில் பழைய சக ஆசிரியர் ஒருவரைப் பார்த்தேன். மூன்றாவது பெஞ்சுப் பையன் ஒருவன் மேஜை மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு "முடிஞ்சா அடிங்க சார், பாக்கலாம்" என்றானாம். இவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாராம். 31 வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்தபோது, அதன் 17ஆம் பிரிவு எங்கள் கையிலிருந்த பிரம்பைப் பிடுங்கியது. பதிலுக்கு வேறு எதையும் கொடுக்கவில்லை. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான், மறந்துவிட்டோமா? கண்மண் தெரியாமல் அடிக்கச் சொல்லவில்லை. தலைமையாசிரியர் அனுமதியோடு உள்ளங்கையில் இரண்டு. அவ்வளவுதான் கேட்கிறேன். முருங்கையை ஒடித்து வளர்க்கணும், பிள்ளையை அடித்து வளர்க்கணும் என்று சும்மாவா சொன்னார்கள்?

வழக்குமன்றப் பூனை:
ஐயா, வணக்கம். அந்த 2012 கொலையில், ஆசிரியை டைரியில் எழுதி வீட்டுக்கு அனுப்பியதுதான் கோபத்துக்குக் காரணம் என்று அப்போதே செய்தி வந்தது. அங்கே பிரம்பு இருந்திருந்தால் என்ன மாறியிருக்கும்? அடுத்தது, "உள்ளங்கையில் இரண்டு" என்பது எந்த ஊரிலும் இரண்டோடு நின்றதில்லை. 2007இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு வெளியிட்ட ஆய்வில், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் 65 சதவீதம் பேர் பள்ளியில் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். அத்தனை பேரும் மேஜை மேல் காலைத் தூக்கி வைத்தவர்களா?

பணி ஓய்வு வாத்தியார்:
தம்பி, நீங்கள் சொல்லும் கணக்கு சட்டம் வருவதற்கு முந்தையது. நான் கேட்பது இன்றைய வகுப்பைப் பற்றி.

கீழத்தெரு ஆட்டோ:
வாத்தியார் சொல்வதுதான் சரி. என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று எங்க அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்." உரித்தார்கள். நான் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. சொந்த ஆட்டோ, இரண்டு பிள்ளைகள், ஒரு பைசா கடன் இல்லை. இப்போது பையனைக் கண்டித்தாலே குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் போடுவேன் என்கிறான். அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவமாட்டான்.

ஒன்பது பி:
ஆட்டோ அண்ணே, உங்களோடு ஆறாம் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாவது பரீட்சை எழுதினார்கள்? கோபப்படாதீங்க, உண்மையாகவே கேட்கிறேன். "அடி வாங்கித்தான் ஆளானேன்" என்று சொல்ல ஆளானவன் மட்டும்தானே மிச்சம் இருக்கிறான்?

எங்கள் வகுப்பில் ஒருவன் இருந்தான். பலகையில் இருப்பதைத் தப்புத் தப்பாக எழுதுவான். 8 என்று போட்டால் 3 என்று எழுதுவான், 7ஐ 1 ஆக்குவான். கணக்கு சார் புளிய விளாறு வைத்திருப்பார், இலையை உருவியெடுத்த பச்சை விளாறு. அது காற்றில் போகும் சத்தமே போதும். தினம் இவனுக்கு முழங்காலுக்குக் கீழே விழும். கடைசி பெஞ்சில்தான் உட்காரவைத்திருந்தார்கள், மக்கு என்பதால். நாங்கள் சிரிப்போம், அதையும் சொல்லிவிடுகிறேன். எட்டாவது பாதியில் நின்றுவிட்டான். அதே வகுப்பில் பஞ்சாயத்துத் தலைவர் மகன் ஜன்னல் வழியாக வெளியே குதித்தே போவான். அவனுக்கு ஒரு நாளும் விளாறு விழுந்ததில்லை. பிரம்புக்கு நல்ல கண் உண்டு, யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்துத்தான் இறங்கும்.

கீழத்தெரு ஆட்டோ:
எண்ணிப் பார்த்தேன். 40 பேர் இருந்திருப்போம். பத்தாவது எழுதியது பதினைந்து பதினாறு பேர். ஆனால் அவர்கள் நின்றது வறுமையால் தம்பி, அடியால் இல்லை.

ஒன்பது பி:
இரண்டும்தான் அண்ணே. வீட்டில் அரிசி இல்லாதவனுக்குப் பள்ளியிலும் அடி என்றால் அவன் எதற்கு வரணும்?

வடமராட்சியான்:
எங்கட இலங்கையிலும் இதே கதைதான். கல்வி அமைச்சு பிரம்பை நிறுத்தச் சொல்லி 2005இலேயே சுற்றறிக்கை விட்டது. சுற்றறிக்கை பாடசாலை அதிபரின் அலுமாரியில் தூங்கியது. 2017இல் ஒரு மாணவனை ஆசிரியர் காதோடு சேர்த்து அறைந்தார், கேட்கும் திறனே பாதிக்கப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் (உங்கட உச்ச நீதிமன்றம் மாதிரி) வரை போய் 2021 பெப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஆசிரியர் ஒன்றரை இலட்சம் ரூபாய், அரசு ஐந்து இலட்சம் ரூபாய் கொடுக்க வேணும். அந்தப் பிள்ளைக்கும் "ஒரேயொரு அறை"தான் விழுந்தது, ஐயா.

ஸ்டாக்ஹோம் செல்வி:
பிள்ளைகளை அடிப்பதை வீட்டிலும் சேர்த்துத் தடை செய்த முதல் நாடு சுவீடன், 1979இல். பள்ளிகளில் அதற்கு இருபது வருஷம் முன்பே நிறுத்திவிட்டார்கள். சட்டம் போட்டதோடு விடவில்லை, வீட்டுக்கு வரும் பால் பெட்டியிலேயே அச்சடித்தார்கள், காலையில் காபி போடும்போது அம்மாவும் அப்பாவும் படிக்கட்டும் என்று. நம் ஊரில் 17ஆம் பிரிவு இருப்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? ஆவின் பாக்கெட்டில் போடலாமே.

பணி ஓய்வு வாத்தியார்:
அம்மா, சுவீடனில் ஒரு வகுப்பில் எத்தனை பேர்? சட்டப்படி ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர். என் கடைசி வருஷத்தில் என் முன்னால் 54 தலைகள். மதியச் சாப்பாடு முடிந்த ஐந்தாவது பீரியட், தகர ஷெட், ஏப்ரல் மாத வெயில். அங்கே வந்து பால் பெட்டியைக் காட்டுங்கள்.

வழக்குமன்றப் பூனை:
இதில் உங்கள் பக்கம்தான் ஐயா. 54 பேரை ஒருவரிடம் தள்ளிவிட்ட அரசு மேல் வரவேண்டிய கோபம், பதினோரு வயதுப் பையனின் உள்ளங்கையில் இறங்குகிறது. நான் எதிர்ப்பது அதைத்தான். 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் உடல்ரீதியான தண்டனையை ஒழிக்கும் வழிகாட்டுதலை நடைமுறைப்படுத்தச் சொல்லியது. உத்தரவு வந்தது சரி, கூடுதல் ஆசிரியர்கள் வந்தார்களா? அப்புறம், இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. இரண்டு முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 100 கோடிப் பேர் வரை ஒரே வருஷத்தில் ஏதோ ஒரு வன்முறைக்கு ஆளாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்காவில் பள்ளிப் பிரம்படி அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 1977இல் சொன்னது, இன்றும் சில மாநிலங்களில் அனுமதி உண்டு. படித்த நாடு, பணக்கார நாடு என்பதெல்லாம் இதில் பேச்சே இல்லை.

இன்னும் சர்வீஸில்:
வாத்தியார் ஐயாவுக்கு ஒரு சக ஆசிரியை எழுதுகிறேன். நானும் அடித்திருக்கிறேன். சேர்ந்த முதல் வருஷம், மர ஸ்கேல். ஆறாம் வகுப்புப் பெண் குழந்தை, வீட்டுப்பாடம் முடிக்கவில்லை. கையை நீட்டச் சொன்னேன். நீட்டினாள், ஸ்கேல் மேலே போவதற்குள் பாவாடை நனைந்துவிட்டது. வகுப்பே சிரித்தது. அவள் மறுநாளும் வந்தாள், ஆனால் அந்த வருஷம் முழுக்க என்னிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. அன்றோடு ஸ்கேலை கோடு போட மட்டும் வைத்துக்கொண்டேன்.

இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். ஐந்தாவது பீரியடில் பலகைப் பாடம் எடுப்பதில்லை, எழுந்து நடமாடும் வேலைதான். மூன்றாவது பெஞ்சுக்காரனிடம் நோட்டு வாங்கித் தரும் பொறுப்பு. சனிக்கிழமை அவன் வீட்டுக்கு ஒரு நடை. 54 பேருக்கு இதைச் செய்ய முடியாது, உண்மை. ஆனால் தொல்லை கொடுப்பவர்கள் ஏழெட்டுப் பேருக்கு மேல் எந்த வகுப்பிலும் இருந்ததில்லை. சில வருஷம் அதிலும் தோற்றிருக்கிறேன், மறைக்கவில்லை.

பணி ஓய்வு வாத்தியார்:
டீச்சர், சனிக்கிழமை நடை எல்லோராலும் முடியாது. என் மனைவி படுக்கையில் இருந்த ஆறு வருஷம் என்னால் முடியவில்லை. பிரம்பு வேண்டும் என்ற கருத்தை நான் முழுசாக மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்பது பி சொன்ன பையன் மனதை உறுத்துகிறான். நானும் கடைசி பெஞ்சில் அப்படிச் சிலரை உட்காரவைத்திருக்கிறேன். அவன் இப்போது என்ன செய்கிறான்?

ஒன்பது பி:
திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் சார். துணியில் ஓட்டை, பிசிறு பார்க்கிற வேலை. போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் மூக்கில் தடிக் கண்ணாடி. வேலைக்குச் சேர்ந்தபோது கம்பெனியில்தான் கண்ணைப் பரிசோதித்தார்களாம், பவர் மைனஸ் நாலரை. "பலகையில என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்கு ஒருநாளும் தெரிஞ்சதில்லடா" என்றான்.

கீழத்தெரு ஆட்டோ:
என் சின்னவனும் டிவி கிட்டப் போய்த்தான் பார்க்கிறான். அரசு ஆஸ்பத்திரியில் கண் பரிசோதனை எந்தக் கிழமை என்று யாருக்காவது தெரியுமா?