கேட்டலேஸ், எஸ்ஓடி (சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ்) நொதிகள் பல சங்கிலிகள் சேர்ந்த கூட்டாக இருக்கின்றனவா என்று எப்படிப் பார்ப்பது?

பயோகெம்_மாணவி:
ஆட்டு ஈரல் சாறு. எஸ்டிஎஸ் (புரதத்தை விரிக்கும் சோப்புப் பொருள்) ஜெல்லில் கேட்டலேஸ் 60 கிலோ டால்டனிலும் எஸ்ஓடி1 (செம்பு-துத்தநாக வகை) 16-லும் நிற்கின்றன. பாடப்புத்தகம் 240, 32 என்கிறது. கூட்டாக இருப்பதை எதில் உறுதி செய்வது? மைனஸ் 20-ல் வைத்தபின் எஸ்ஓடி நன்றாக வேலை செய்கிறது, கேட்டலேஸ் பாதிக்கும் கீழே போய்விட்டது. பஃபர் சோடியம் பாஸ்பேட்.

நொதிக்கூடம்:
எஸ்டிஎஸ் போட்டுக் கொதிக்க வைத்தால் கூட்டு கலைந்துதான் போகும். நீங்கள் பார்ப்பது தனிச் சங்கிலிகளின் எடை.

ஃப்ரீசரில் நடப்பது இதுதான்: சோடியம் பாஸ்பேட் உறையும்போது அதன் டைசோடியம் உப்பு முதலில் படிகமாகிவிடும், மிச்சத் திரவத்தின் பிஹெச் 4-க்குப் பக்கத்தில்கூட இறங்கும். கேட்டலேஸின் 4 சங்கிலிகளும் ஒன்றின் முனை இன்னொன்றின் மடிப்புக்குள் நுழைந்து பின்னியவை. அமிலத்தில் பிரிந்தபின் அந்தப் பின்னல் எளிதில் திரும்ப அமையாது, பிரிந்த சங்கிலிக்குச் செயலும் இல்லை. பொட்டாசியம் பாஸ்பேட்டுக்கு மாறுங்கள், 10–20% கிளிசரால் சேருங்கள், சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80-ல் வையுங்கள்.

எஸ்ஓடி1 வேறு ரகம். செம்பும் துத்தநாகமும் ஏறி, ஒவ்வொரு சங்கிலிக்குள்ளும் டைசல்பைடு பிணைப்பும் விழுந்துவிட்டால் அந்த இரட்டை 8 மோலார் யூரியாவிலும் தாங்கும். இடைமுகத்தில் 50, 51-ஆம் இடங்களில் குளூட்டமிக் அமிலத்தை வைத்து ஒற்றையாக்கினால் செயல் வெகுவாகக் குறைகிறது.

ஜெல்_அறை:
செயலைப் பார்க்க நேட்டிவ் ஜெல் (புரதத்தைக் கலைக்காமல் ஓட்டுவது): எஸ்ஓடிக்கு 10%, கேட்டலேஸுக்கு 7.5%. எஸ்டிஎஸ், மெர்காப்டோஎத்தனால், கொதிப்பு மூன்றும் கூடாது. 4 டிகிரியில் ஓட்டுங்கள்.

எஸ்ஓடி: மில்லிக்கு 2 மில்லிகிராம் என்பிடி என்ற நிறமேற்றும் பொருளில் 20 நிமிடம். பிறகு 36 மில்லிமோலார் பொட்டாசியம் பாஸ்பேட் (பிஹெச் 7.8), 28 மில்லிமோலார் டெமெட் (ஜெல் வார்க்கவும் பயன்படும் திரவம்), 28 மைக்ரோமோலார் ரிபோஃபிளேவின் கலவையில் 15 நிமிடம் இருட்டில். அப்புறம் டியூப்லைட் அடியில் வைத்தால் ஊதாப் பின்னணியில் வெள்ளைப் பட்டைகள் தெரியும். இருட்டில் வைக்காமல் விட்டால் ஜெல் முழுக்க முன்கூட்டியே கறுத்துவிடும். பட்டை எதனுடையது என்று அறிய சில மில்லிமோலார் சயனைடில் ஒரு துண்டை ஊற வையுங்கள்: செம்பு-துத்தநாக வகை மறையும், மாங்கனீசு வகை நிற்கும். சயனைடுக்குப் பக்கத்தில் அமிலம் வரவே கூடாது, காற்றை வெளியேற்றும் ஹூடுக்குள் மட்டும்.

கேட்டலேஸ்: 0.003% பெராக்சைடில் 10 நிமிடம், கழுவி, 2% ஃபெரிக் குளோரைடும் 2% பொட்டாசியம் ஃபெரிசயனைடும். நீலப்பச்சையில் வெளிர் மஞ்சள் பட்டை. வந்ததும் உடனே தண்ணீரில் கழுவாவிட்டால் அதுவும் மூடிவிடும்.

காலம்_ஓட்டம்:
மேலே சொன்னது சரி, ஆனால் நேட்டிவ் ஜெல்லில் பட்டையின் இடம் மின்னேற்றத்தையும் பொறுத்தது; அதை வைத்து 240 என்று எழுதிவிடாதீர்கள். எடைக்கு ஜெல் ஃபில்ட்ரேஷன்தான் முறை: பிசின் நிரப்பிய குழாயில் (காலம், column) புரதங்களை அளவுப்படி பிரிப்பது, பெரியது முதலில் வரும். 24 மில்லி சூப்பர்டெக்ஸ் 200 பிசின், நிமிடத்துக்கு 0.5 மில்லி, 100 மைக்ரோலிட்டர் மாதிரி, பஃபரில் 0.15 மோலார் உப்பு. இல்லாவிட்டால் புரதம் பிசினில் ஒட்டித் தாமதமாக வரும், எடை குறைவாகத் தோன்றும். 280-உடன் 405 நானோமீட்டரையும் பாருங்கள், கேட்டலேஸிலுள்ள இரும்புப் பகுதியான ஹீம் அங்கே தெரியும். ஈரல் சாற்றில் ஹீமோகுளோபினும் 405-இல் வரும், ஆகவே வெளிவரும் திரவத்தைப் பகுதி பகுதியாகப் பிடித்து, ஒவ்வொன்றிலும் செயலைத் தனியே அளக்க வேண்டும். எடை தெரிந்த ஒப்பீட்டுப் புரதமான ஆல்டோலேஸின் 158 கிலோ டால்டனுக்கு முன்னால் செயல் வந்தால் நாற்கூட்டு அப்படியே இருக்கிறது.

அந்தக் குழாயைப் பாதுகாக்க சோடியம் அசைடு ஊற்றி வைத்திருப்பார்கள். அது கேட்டலேஸை அடக்கும். மாதிரி ஏற்றுவதற்கு முன் அசைடு இல்லாத பஃபரால் குழாயின் கொள்ளளவைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு ஊற்றிக் கழுவுங்கள். இல்லையென்றால் கூட்டு முழுதாக இருந்தும் செயல் பூஜ்யம் என்று காட்டும்.