இலையுதிர் காலப் படங்களில் நிறம் வெளிறுவது ஏன்?

கேள்வி: நேரில் தீப்பிடித்தாற்போல் தெரியும் சிவப்பு, மஞ்சள் இலைகள் படத்தில் வெளிறிப்போகின்றன, அதிலும் மழை விட்டதும் எடுத்தால் இன்னும் மோசம். நடுவில் மான் வேறு வந்து நின்றால் எதைச் சரிசெய்வது?

பதில் 1: ஈர இலையில் வானம் பளபளப்பதுதான் காரணம். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை லென்ஸில் மாட்டி மெதுவாகத் திருப்புங்கள், மினுமினுப்பு போய் அடியிலுள்ள சிவப்பு எழும். அப்புறம் வொயிட் பேலன்ஸை (ஒளிக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் கேமரா அமைப்பை) ஆட்டோவில் விடாமல் டேலைட்டில் வையுங்கள். ஆட்டோ அந்தப் பொன்னிறத்தையே குறையென்று திருத்திவிடும்.

பதில் 2: சரிதான், ஆனால் மான் ஓடினால் போலரைசரைக் கழற்றிவிடுங்கள். இரண்டு ஸ்டாப் வரை, அதாவது முக்கால் பங்கு வரை வெளிச்சத்தைத் தின்னும், 1/500 நொடி ஷட்டர் வேகம் வேண்டிய இடத்தில் 1/125தான் கிடைக்கும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும்.

பதில் 3: பல மானினங்களுக்கு இது இணைசேரும் பருவம். கொம்புள்ள ஆண் மான் தலை தூக்கி உங்களையே பார்த்தால் ரொம்பக் கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம், பேசாமல் பின்வாங்குங்கள்.