அலெக்சாண்ட்ராவின் கடிதங்களும் நாட்குறிப்பும்: வாசித்தவர்கள் பகிர்ந்தவை

கடைசி ருஷ்யப் பேரரசி அலெக்சாண்ட்ராவைப் படிக்கத் தொடங்குபவர்கள் முதலில் சறுக்குவது தேதியில்தான். அங்கே அப்போது பழைய நாட்காட்டி. 19-ஆம் நூற்றாண்டுத் தேதிக்கு 12 நாள், 20-ஆம் நூற்றாண்டுக்கு 13 நாள் கூட்டிக்கொள்ளுங்கள். 1894 நவம்பர் 14-இல் பேரரசர் இரண்டாம் நிகோலாயோடு நடந்த கல்யாணம் நம் கணக்கில் 26. மாமனார் மூன்றாம் அலெக்சாந்தரை அடக்கம் செய்து அப்போது ஒரே வாரம். சவப்பெட்டிக்குப் பின்னால் வந்தவள் என்று ஊர் பேசியது அதனால்தான்.

பதில்: கெட்ட பெயர் இறுகியது மகன் விஷயத்தில். 1904-இல் பிறந்த அலெக்சேய்க்கு ஹீமோஃபீலியா. அடிபட்டால் இரத்தம் உறையாது. வாரிசின் நோயை அரண்மனை வெளியே விடவில்லை. பிள்ளையைக் காப்பாற்றுவார் என்று அலெக்சாண்ட்ரா நம்பிய சாமியார் ரஸ்புதினை ஏன் உள்ளே விடுகிறார்கள் என்பதற்கு மக்களிடம் காரணமே இல்லை, வதந்திதான் இருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் பாதி வெறுப்பு கரைந்திருக்கும்.

பதில்: பாதிதான். மீதி அவரே தேடிக்கொண்டது. 1915-இல் நிகோலாய் படைத்தலைமை ஏற்று படைத் தலைமையகம் இருந்த மொகிலெவுக்குப் போனபின் வந்த ஒன்றரை ஆண்டில் நான்கு பிரதமர்கள். யாரை வைக்க, யாரைத் தூக்க என்று அலெக்சாண்ட்ரா அவருக்கு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 1916 டிசம்பர் 14 கடிதத்தை அவசியம் பாருங்கள்: பழைய ஜார் மன்னர்கள் பீட்டரைப்போல, இவானைப்போல, பாலைப்போல இரு, எல்லாரையும் நசுக்கு என்கிறார். அந்தப் பால் 1801-இல் சொந்த அதிகாரிகள் கையாலேயே செத்தவர்! அதே ஆண்டுகளில் இரண்டு மூத்த மகள்களோடு செவிலியாகி அறுவை அறையில் நின்றவரும் இவர்தான். ஆனாலும் ஜெர்மனியில் பிறந்தவர், போரோ ஜெர்மனியோடு; வாய்க்கு வாய் 'ஜெர்மன்காரி'.

பதில்: புரட்சிக்குப் பின் குடும்பமே கைதாக இருந்த 1918-இன் கடிதங்களில் 'மருந்து' என்று வந்தால் நகை என்று படியுங்கள். பெற்றோரை முதலில் கொண்டுபோன யெகாதெரின்பர்க்கிலிருந்து தகவல் போனதும், பழைய காவலிடமான தொபோல்ஸ்கில் இருந்த மகள்களும் பணிப்பெண்களும் கற்களைப் பஞ்சில் பொதிந்து, உள்சட்டைகளின் இரண்டு துணிகளுக்கு நடுவே வைத்துத் தைத்தார்கள். வழிச்செலவுக்கு வைத்தது, நிலவறையில் குடும்பத்தைச் சுட்டபோது தோட்டாவைத் திருப்பிவிட்டு அந்தப் பெண்களின் சாவை இழுத்தடித்தது. இந்த இடத்தை நிதானமாகப் படிக்க முடிவதில்லை.

பதில்: அவருடைய நாட்குறிப்பின் கடைசிக் குறிப்பு, சுடப்படுவதற்குச் சற்று முன், 1918 ஜூலை 16 (இது நம் நாட்காட்டித் தேதியேதான், 13 கூட்டாதீர்கள்). சமையலறைச் சிறுவன் லியோன்காவை மாமாவைப் பார்க்க என்று அழைத்துப் போனார்கள், அது நிஜமா, பையன் திரும்பி வருவானா என்று கேட்டிருக்கிறார். பிறகு நிகோலாயோடு சீட்டு, பத்தரைக்குப் படுக்கை, வெப்பம் 15 டிகிரி. பையனை எதிர்வீட்டில் வைத்திருந்தார்கள். அவன் பிழைத்தான்.