2017 கருக்கலைப்புத் தீர்ப்பை டவுன் சிண்ட்ரோம் தீர்ப்பு என்று பரப்புகிறவர்களுக்கு

பூங்கோதை_திருச்சி:
நேற்று செல்வக்குமார் இங்கே போட்டது இது: "பெண் குழந்தை என்பதற்காகக் கருவைக் கலைப்பது குற்றம் என்றால் டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே வரும் குரோமோசோம் கோளாறு) என்பதற்காகக் கலைப்பதும் குற்றம்தான். உச்ச நீதிமன்றமே 2017-ல் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் கொண்டுவந்தது போல இங்கேயும் தடைச் சட்டம் வர வேண்டும்." இதற்கு 60 பேர் கைதட்டியிருக்கிறீர்கள். அந்த வழக்கை ஒருவராவது படித்தீர்களா? மகாராஷ்டிராவைச் சேர்ந்த 37 வயதுப் பெண். நீதிமன்றத்துக்குப் போகும்போது 26-வது வாரம். அன்றைக்கு இருந்தது 1971 கருக்கலைப்புச் சட்டம். 20 வாரம் தாண்டிவிட்டால் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் கலைக்கலாம். மருத்துவக் குழு தாயின் உயிருக்கு ஆபத்தில்லை என்றது, நீதிமன்றம் மறுத்தது. டவுன் என்பதால் மறுக்கவில்லை, 26 வாரம் என்பதால் மறுத்தது. என் மகனுக்கு 12 வயது, அவனுக்கும் டவுன்தான். அவன் பெயரைச் சொல்லி யாரும் பொய்த் தீர்ப்பு எழுத வேண்டாம்.

செல்வக்குமார்:
அக்கா, பொய் என்ற வார்த்தையை வாபஸ் வாங்குங்கள். டவுன் உள்ளவர்கள் அறிவில் குறைந்திருக்கலாம், ஆனால் நல்ல மனிதர்கள் என்று நீதிபதிகள் சொன்னது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அவர்களை வாழத் தகுந்தவர்கள் என்று நினைக்காமலா அப்படிச் சொன்னார்கள்? எனக்கு டவுன் உள்ள தம்பி. அம்மா போன பிறகு 11 வருஷமாக அவனைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுகிறவன் நான். புத்தகம் படித்து இதைப் பேசவில்லை.

பூங்கோதை_திருச்சி:
நீதிபதி வாய்விட்டுச் சொன்னது வேறு, உத்தரவுக்கான காரணம் வேறு. அதே 2017 ஜூலையில் கொல்கத்தாப் பெண்ணுக்கு அதே நீதிமன்றம் 26 வாரத்தில் அனுமதி கொடுத்தது. அங்கே குழந்தைக்கு இதயத்தில் கடுமையான குறை, தாயின் மனநிலைக்கும் ஆபத்து என்று மருத்துவக் குழு சொன்னது. இரண்டு வழக்கிலும் மருத்துவக் குழு என்ன சொன்னதோ அதன்படிதான் முடிவு. முதல் வழக்கின் பெண் 18-வது வாரத்தில் மருத்துவமனைக்குப் போயிருந்தால் நீதிமன்ற வாசலையே மிதித்திருக்க மாட்டாள். 26 வாரம். அதைத் தாண்டிப் பேசுங்கள் பார்ப்போம்.

செல்வக்குமார்:
நீங்களே மாட்டிக்கொண்டீர்கள். அங்கேயும் 26, இங்கேயும் 26. இதயக் குறைக்கு அனுமதி, டவுனுக்கு மறுப்பு. அப்புறம் எப்படி வாரம் காரணம் ஆகும்?

மரபணு_லேப்:
இருவருக்கும் ஒரு விஷயம். இந்த வேலையில் 9 வருஷமாக இருக்கிறேன். டபுள் மார்க்கர் என்பது டவுன் வாய்ப்பை மதிப்பிடும் ரத்தப் பரிசோதனை, 11 முதல் 13 வாரத்துக்குள் எடுப்பது. அதில் 1:180 என்று வந்தால் "ஹை ரிஸ்க்" என்று அச்சாகும். அதற்கு அர்த்தம், அதே எண் வந்த 180 பேரில் 179 பேரின் குழந்தைக்கு டவுன் இல்லை. உறுதிப்படுத்த 16-வது வாரத்துக்கு மேல் பனிக்குட நீர் எடுத்து, செல் வளர்த்து, முழு ரிப்போர்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆகும். பழைய 20 வாரக் கெடு இருந்தபோது அதற்குப் பயந்தே பலர் உறுதிப்படுத்தாமல் முதல் எண்ணைப் பார்த்து முடிவெடுத்தார்கள். இன்னொன்று. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தில் கருவுக்குக் "கணிசமான குறைபாடு" என்று மருத்துவக் குழு சொன்னால் வாரக் கணக்கே கிடையாது என்று இருக்கிறது. ஆனால் கணிசமான என்றால் எது என்று சட்டத்தில் விளக்கம் இல்லை. டவுன் அதில் வருமா வராதா? முதலில் அதைப் பேசலாமே?

கோபி_ஈரோடு:
லேப் சார், போன மாதம் தடுப்பூசித் திரியில் என்னை "படிக்காதவன்" என்று சொன்னவர் நீங்கள்தானே. இன்றைக்கு 1:180 என்று பாடம் எடுக்க வந்துவிட்டீர்கள். அந்த ரிஸ்க் ரிப்போர்ட்டை அச்சடித்துக் காசு வாங்குவதே உங்கள் லேப்தான்.

மரபணு_லேப்:
படிக்காதவன் என்று சொல்லவில்லை. படித்துவிட்டு வாருங்கள் என்றேன்.

கோபி_ஈரோடு:
இரண்டும் ஒன்றுதான். மன்னிப்பு வரும்வரை உங்களுக்குப் பதில் கிடையாது.

ரஹ்மத்நிஷா:
இரண்டு வருஷம் முன்னால் எனக்கும் அந்த ரிப்போர்ட் வந்தது. ரிசல்ட் வரும்வரை 19 நாள் ஒழுங்காகத் தூங்கவில்லை. வீட்டில் ஆளுக்கொரு முடிவு. மாமியார் ஒன்று, என் அண்ணன் ஒன்று. டாக்டரம்மாதான் உன் கையெழுத்து மட்டும்தான் செல்லும் என்றார், சட்டப்படி 18 வயது ஆன பெண்ணின் சம்மதம் போதும் என்று. ரிசல்ட்டில் என்ன வந்தது, நான் என்ன செய்தேன் என்று இங்கே சொல்லப்போவதில்லை. செல்வக்குமார் அண்ணே, உங்கள் சட்டம் வந்தால் அந்த 19 நாளில் நான் டாக்டரிடம் வாயைத் திறந்தே பேசியிருக்க முடியாது.

பூங்கோதை_திருச்சி:
இதுதான் ஒஹாயோவில் நடந்தது. 2017 டிசம்பரில் ஆளுநர் கேசிக் அந்தத் தடைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார், கீழ் நீதிமன்றம் நிறுத்தியது, 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 9 நீதிபதிகள் ஆதரவு, 7 பேர் எதிர்ப்பு என்று சட்டத்தை நடக்க விட்டது. பெண்ணுக்குத் தண்டனை இல்லை. டவுன்தான் காரணம் என்று தெரிந்தே செய்த மருத்துவருக்குத்தான் தண்டனை. அப்படியென்றால் பெண் என்ன செய்வாள்? காரணத்தை மறைப்பாள். டவுன் உள்ள பிள்ளையை வளர்க்க என்ன உதவி கிடைக்கும் என்று யாரிடம் கேட்பாள்? போலந்தில் 2020 அக்டோபரில் அரசியல் சாசனத் தீர்ப்பாயம் கருவின் குறைபாட்டுக்காகக் கலைக்கலாம் என்ற காரணத்தையே நீக்கியது. அடுத்த வருஷம் 22-வது வாரத்தில் பனிக்குடம் உடைந்த 30 வயதுப் பெண், குழந்தையின் இதயத்துடிப்பு நிற்கட்டும் என்று மருத்துவர்கள் காத்திருக்க, ரத்தத்தில் கிருமி ஏறி இறந்துபோனாள்.

செல்வக்குமார்:
போலந்துக்குப் போய்விட்டீர்கள். நான் கேட்டது 2017. ஸ்கேனில் பெண் என்று சொல்லத் தடை, டவுன் என்று சொல்லத் தடையில்லை. என் தம்பி எந்த வகையில் ஒரு பெண் குழந்தையைவிடத் தாழ்ந்தவன்? அதற்கு மட்டும் யாரும் பதில் சொல்வதில்லை.

பூங்கோதை_திருச்சி:
தாழ்ந்தவன் என்று யார் சொன்னது? 1994-ல் பாலினத்தைக் கண்டறியத் தடை போட்டார்களே, அதே சட்டம்தான் குரோமோசோம் கோளாறைக் கண்டறியக் கருவைப் பரிசோதிக்க அனுமதிக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு இரண்டும் ஒன்றாகப் படவில்லை. அது சரியா என்று சண்டை போடுங்கள், வருகிறேன். ஆனால் 2017-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது என்று சொல்லாதீர்கள். 26 வாரம்!

கோபி_ஈரோடு:
அக்கா, "டவுன் குழந்தை" என்று போன வாரம் நீங்களே எழுதினீர்கள். "டவுன் உள்ள குழந்தை" என்று எழுத வேண்டும் என்று இதே இடத்தில் என்னைத் திருத்தியவரும் நீங்கள்தான்.

பூங்கோதை_திருச்சி:
என் பிள்ளையை நான் எப்படி வேண்டுமானாலும் எழுதுவேன் கோபி. நீங்கள் அன்றைக்கு எழுதிய வார்த்தையை இங்கே திரும்ப எழுதவே எனக்குக் கை வராது. அப்புறம் செல்வக்குமார், மாதம் 2000 ரூபாய் உதவித்தொகையில் பேச்சுப் பயிற்சிக்கு எத்தனை நாள் போகலாம் என்று உங்களுக்கும் தெரியும். என் மகனை மூன்று பள்ளிகள் சேர்க்கவில்லை. அந்த வாசலில் நான் நின்றபோது தடைச் சட்டம் கேட்கிற ஒருவரும் பக்கத்தில் இல்லை.

செல்வக்குமார்:
நான் நின்றிருக்கிறேன். என் தம்பிக்காக நான் நிற்காத வாசல் இல்லை. உங்களுக்கு மட்டும்தான் கஷ்டம் என்று பேசாதீர்கள்.

மரபணு_லேப்:
"கணிசமான" என்பதற்கு விளக்கம் கேட்டிருந்தேன். 2022 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் மூளைக் குறைபாட்டுக்காக 33 வாரத்தில் அனுமதித்து, கடைசி முடிவு தாயுடையது என்றது. அதை வைத்தாவது

கோபி_ஈரோடு:
முதலில் மன்னிப்பு.

செல்வக்குமார்:
2017 உத்தரவின் நகல் என்னிடம் இருக்கிறது. நாளைக்குப் போடுகிறேன். அப்போது தெரியும் யார் பொய் சொன்னது என்று.

பூங்கோதை_திருச்சி:
போடுங்கள். எத்தனை வாரம் என்று எழுதியிருக்கிற இடத்தை வெட்டாமல் போடுங்கள்.