பரிசாக வந்த லாம்ஸ்ஃபுட் கத்தி: பதிலுக்கு என்ன கொடுப்பது?

ரோதரம் இரவுப்பணி:

வணக்கம். இங்கிலாந்தில், கத்தித் தொழிலுக்குப் பெயர்போன ஷெஃபீல்டுக்குப் பக்கத்தில் ரோதரமில் நான்கு வருடமாக இருக்கிறேன். மருத்துவமனையில் இரவுப் பணி. ஒரு ஞாயிறு காலை வீடு திரும்பும் வழியில் டீ குடிக்க ஒரு கடைக்குள் நுழைந்தேன். மூலை மேசையில் ஐந்தாறு பெரியவர்கள் பேனாக்கத்திகளைப் பரப்பி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நின்று பார்த்தேன். ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அன்றிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு எனக்கு அங்கேதான்.

அங்கே யாரும் விலை பேசுவதில்லை. கத்தியை மெல்லத் திறந்து மூடி, காதருகே வைத்துக் கேட்கிறார்கள். உள்ளே இருக்கும் வில் வழுக்கிப் போவதை ‘நடை’ என்கிறார்கள், கடைசியில் டக்கென்று விழும் சத்தத்தை ‘பேச்சு’ என்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் செல்லம் லாம்ஸ்ஃபுட் என்ற அலகு வகைதான். வாய் ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி நேராக இருக்கும். முதுகு மட்டும் மெல்லச் சரிந்து வந்து நுனியில் வாயோடு சேரும். ஆட்டுக்குட்டியின் குளம்பு போல இருப்பதால் அந்தப் பெயர்.

போன மாதம் 81 வயதுப் பெரியவர் ஒருவர், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், தன் சட்டைப்பையிலிருந்த கத்தியை எடுத்து என்னிடம் நீட்டி, “இனி இது உன்னுடையது” என்றார். எருமைக் கொம்புக் கைப்பிடி. அவருடைய அப்பா வைத்திருந்தது. எனக்குக் கை வரவில்லை. எங்கள் வீட்டில் கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். கீழே வையுங்கள் என்று சொல்லி, ஏன் என்றும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “எங்கள் ஊரிலும் உண்டு. கத்தியைச் சும்மா கொடுத்தால் நட்பு அறுந்துபோகும். ஒரு பென்னி கொடு, அப்புறம் எடுத்துக்கொள்” என்றார். என்னிடம் காசே இல்லை, கார்டு மட்டும்தான். அடுத்த மாதம் தருகிறேன் என்று வாங்கி வந்துவிட்டேன்.

இப்போது மூன்று விஷயம் தெரிய வேண்டும். பென்னியைத் தாமதமாகக் கொடுத்தால் பரவாயில்லையா? அது போக, அவருக்கு நம் பக்கத்துப் பொருளாக என்ன தரலாம்? கத்தியின் அலகு கறுத்திருக்கிறது, அம்மா பித்தளைக்குச் செய்வது போலப் புளி போட்டுத் தேய்க்கலாமா? அடிப்பக்கம் ஒரு நட்சத்திரமும் சிலுவையும் இருக்கின்றன.

லீட்ஸ் தோட்டம்:

தம்பி, புளியைத் தூர வையுங்கள்! அது கார்பன் ஸ்டீல். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. அவரும் அவர் அப்பாவும் நறுக்கிய ஆப்பிள்கள், அறுத்த கயிறுகள் எல்லாம் சேர்ந்து ஏறிய நிறம். நம் வீட்டு அரிவாள்மனையை நினைத்துப் பாருங்கள். செந்நிறத் துரு இருந்தால் அதை மட்டும் எண்ணெய் தொட்ட துணியால் எடுங்கள். நறுக்கியதும் துடைத்து உலர வையுங்கள், மடக்கும் இடத்தில் ஒரு சொட்டு மினரல் ஆயில் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், இந்த ஊர்க் குளிரில் கட்டிப்போய்விடும். தீட்டுவது மிக எளிது. வாய் நேராக இருப்பதால் சாணைக்கல்லில் முழு அலகும் ஒரே வாக்கில் படியும். நான் ரோஜாக் கிளை நறுக்குவதும் லாம்ஸ்ஃபுட்டால்தான்.

நட்சத்திரமும் மால்டா சிலுவையும் ஷெஃபீல்டின் பழைய கத்தி நிறுவனமான ஜோசப் ராட்ஜர்ஸின் முத்திரை. முத்திரை 1682-இல் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது, அந்தக் குடும்பத்தின் கைக்கு வந்தது பதினெட்டாம் நூற்றாண்டில். முத்திரையோடு ‘இங்கிலாந்து’ என்றும் பொறித்திருக்கிறதா பாருங்கள். 1890-இல் அமெரிக்கா கொண்டுவந்த சுங்கச் சட்டத்தால் சரக்கின் மேல் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றானது. அதனால் அந்த வார்த்தை இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது.

பென்னி தாமதமானால் ஒன்றுமில்லை. எனக்கு முதல் கத்தி கொடுத்தவருக்கு நான் எட்டு மாதம் கழித்துத்தான் கொடுத்தேன். அவர் அதுவரை ஒருமுறைகூட நினைவுபடுத்தவில்லை.

வால்பாறை மிளா:

நான் இந்தியாவில் இருந்தபடி படங்களை மட்டும் பார்த்து ஆசைப்படுபவன். ஒரு செய்தி. ஷெஃபீல்டின் பழைய மான்கொம்புக் கைப்பிடிகளில் பெரும்பகுதி நம் மிளாக் கொம்புதான். மிளா ஆண்டுதோறும் கொம்பை உதிர்க்கும், அதைப் பொறுக்கிக் கப்பலேற்றினார்கள். ஏற்றுமதிக்குத் தடை வந்தபின் அங்கே அந்தக் கொம்பு கிடைப்பது அரிதாகிவிட்டது. எருமைக் கொம்பும் நம் நாட்டிலிருந்து நிறையப் போனது. உங்கள் கத்தியின் கைப்பிடி ஒருவேளை நம் பக்கத்து எருமையாகவே இருக்கலாம் அண்ணா. அதை அவரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

பதிலுக்குக் கொடுக்கப் பாக்குவெட்டி எப்படி? அதுவும் மடங்கும் இரும்புதான்.

லீட்ஸ் தோட்டம்:

பாக்குவெட்டி! இது எனக்குத் தோன்றவில்லையே. கத்தி சேர்ப்பவர்கள் மடங்கும் இடத்து ஆணியைத்தான் முதலில் பார்ப்பார்கள், ஆட்டம் இருக்கிறதா என்று. அதனால் பழையதாக, இறுக்கமானதாகப் பாருங்கள். பாக்கும் சேர்த்துக் கொண்டுபோங்கள், வெட்டிக் காட்ட வேண்டுமே.

ரோதரம் இரவுப்பணி:

எல்லோருக்கும் நன்றி. ‘இங்கிலாந்து’ இருக்கிறது அக்கா. ஊரில் என் சொந்த அக்காவிடம் கேட்டேன். பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் பாக்குவெட்டி இரண்டு இருந்தனவாம். பித்தளைப் பிடி போட்ட சின்னதை, இங்கே வந்த ஒருவரிடம் எனக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள்.

இன்று காலைதான் கூட்டம். முதலில் பென்னியை மேசையில் வைத்தேன். எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் பாக்குவெட்டியை வைத்தேன். யாரும் தொடவில்லை, எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் அதே பென்னியை வெளியே எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டுத்தான் பாக்குவெட்டியைத் தொட்டார். காதருகே வைத்து நாலு தடவை திறந்து மூடினார். வில் இல்லை, அதனால் பேசாது என்றேன். “நடை நன்றாக இருக்கிறது” என்றார். பாக்கு வெட்ட மேசையில் வரிசை கட்டினார்கள். கொம்பு பற்றிச் சொன்னதும் கத்தியை என்னிடம் திரும்ப வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

பென்னி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் போட்டு வைக்கச் சொல்லி அக்காவுக்கு அனுப்பப் போகிறேன்.